ஐந்து சிஸ்டம், ஒரு சர்வர்

நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது இரண்டு சொல். "போட்டாச்சு சார்." சொன்னபோது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எப்படியும் முடிக்கப்போகிற வேலையைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இன்றும் யாராவது சாதாரணமாக "சர்வர் போட்டாச்சா?" என்று கேட்டால் எனக்குக் காது சூடாகிறது.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் ஒரு ஹால், நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் சார். மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு, சொந்தமாக ஏதாவது செய்வோம் என்று வந்தவர். இந்தப் பக்கம் நான், என்னோடு கல்லூரியில் படித்த நண்பன், புதிதாகச் சேர்ந்த ஒரு அக்கா. ஆளுக்கு ஒரு சிஸ்டம். ஐந்தாவதாக, வருகிற கஸ்டமருக்குக் காட்டுவதற்கென்றே பெரிய திரையோடு ஒன்று.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ஜாவாஸ்கிரிப்டில் நாலு வித்தை தெரியும். தினமும் செம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கும்போதே ஏதோ பெரிய கம்பெனியின் தலைவன் போல இறங்குவேன். ஆபீசில் எனக்கு அடுத்து சேர்ந்தவர் அக்கா மட்டும்தான் என்பதால் என் அதிகாரமெல்லாம் அவர் மேல்தான்.

அக்காவுக்கு முப்பத்து மூன்று வயது. கோவளத்தில் மீனவக் குடும்பம். கணவர் கடலுக்குப் போகிறவர், மாமியார் மீன் விற்கிறவர். இரண்டு பிள்ளைகளைப் பெற்ற பிறகு தபால் வழியில் கம்ப்யூட்டர் பட்டம் முடித்திருந்தார். காலையில் கேளம்பாக்கம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்து, எங்கள் எல்லோருக்கும் முன்னால் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். மீன் குழம்பு கொண்டுவந்த நாட்களில் மட்டும் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்படிக்கட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். யாரும் அவரைப் போகச் சொன்னதில்லை. போகாதீர்கள் என்றும் யாரும் சொன்னதில்லை.

அவருக்கு ஆறு மாதம் தகுதிகாண் காலம். தீபாவளியோடு முடிகிறது. ஒருநாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார். "வேல நிரந்தரம்னு ஒரு பேப்பர் காட்டுன்றாங்க தம்பி வூட்ல. தீபாவளிக்குள்ள காட்டலன்னா இந்தப் பஸ்ஸு ஏறுற கதையே வேணாம், வந்து எறா உரிக்கிற வேலைக்குப் போன்னு மாமியார் சொல்லிகினு கீது." சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பேப்பர் அவருக்கு எவ்வளவு பெரியது என்பது எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

அப்போது நாங்கள் குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருந்த ஒரு பாய்க்கு வெப்சைட் கட்டிக்கொண்டிருந்தோம். ஒரு டைல்ஸின் மேல் கிளிக் செய்தால், திரையில் வரைந்திருக்கும் ஹாலின் தரை முழுவதும் அந்த டைல்ஸாக மாறும். பக்கம் மறுபடி லோட் ஆகாது. அந்தக் காலத்தில் அது பெரிய வேடிக்கை. பாய் பார்த்துத் தலையாட்டினால் அவருக்குத் தெரிந்த இன்னும் நாலு கடைகள் எங்களிடம் வரும் என்று சார் நம்பிக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி வேலையை நேராக இன்டர்நெட்டில் வைத்துச் செய்ய முடியாது. அவரவர் சிஸ்டத்திலேயே ஒரு குட்டி சர்வரை நிறுவி, அதில் ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் ஒருவர் செய்யும் தப்பு இன்னொருவரைப் பாதிக்காது. ஐந்து சிஸ்டத்திலும் அந்த சர்வரைப் போட்டு, எப்படிப் போடுவது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டும் வேலையை சார் என்னிடம் கொடுத்தார்.

என் சிஸ்டத்தில் உடனே போட்டுவிட்டேன். நண்பனுடையதில் சர்வர் கிளம்ப மாட்டேன் என்றது. கஸ்டமர் காட்சி சிஸ்டத்திலும் அதே கதை. சர்வர் நுழைய வேண்டிய வாசலில் ஏற்கெனவே வேறு ஏதோ ஒரு புரோகிராம் உட்கார்ந்திருந்தது. எது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகியிருக்கும். எனக்கோ அன்று மண்டை காய்ந்துவிட்டது. ஒரு குறுக்கு வழி செய்தேன். ஆபீசில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் வீட்டுக் கதவு எண் மாதிரி ஒரு நம்பர் உண்டு. என்னுடையது இரண்டு. எல்லோரும் பயன்படுத்தும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலில், 'இந்த சிஸ்டத்திலேயே இருக்கும் சர்வரிடம் கேள்' என்று எழுத வேண்டிய இடத்தில், 'இரண்டாம் நம்பரிடம் கேள்' என்று எழுதிவிட்டேன். அவ்வளவுதான். ஐந்து திரையிலும் டைல்ஸ் ஓடியது. ஓடுவது என் சர்வர் ஒன்று மட்டும்தான் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

"அஞ்சுலயும் சர்வர் போட்டாச்சா?" என்று சார் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டார்.

"போட்டாச்சு சார்."

தாளையும் விடவில்லை. நினைவிலிருந்து பதினோரு படிகளை டைப் செய்து, தடித்த எழுத்தில் தலைப்பு வைத்து, சுவரில் ஒட்டினேன். டைல்ஸ் டேட்டாவைப் பிரதி எடுத்து அந்த சர்வரில் வைக்கும் பன்னிரண்டாவது படியை விட்டுவிட்டது எனக்குத் தெரியவில்லை. யாராவது உட்கார்ந்து படிக்கப்போகிறார்களா என்ன என்ற எண்ணம்தான்.

அக்கா படித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தன் சிஸ்டத்தில் ஒவ்வொரு படியாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் என்னிடம் திரும்பி, "நாலாவது படில சர்வர் கெளம்ப மாட்டேங்குது தம்பி" என்றார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதெல்லாம் ஏற்கெனவே போட்டாச்சுக்கா. சும்மா நோண்டாதீங்க" என்றேன். அவர் நோண்டினார். வாசலை மறித்துக்கொண்டிருந்த புரோகிராமை அவராகவே கண்டுபிடித்து நிறுத்திவிட்டு, சர்வரைக் கிளப்பியும்விட்டார். நான் பாதியில் விட்ட வேலையை அவர் முடித்தார். அது எனக்குத் தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. சுத்தம் செய்யும் வேலையை அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டிலிருந்து துவைத்துக் காயவைத்த பழைய வேட்டித் துணி கொண்டுவந்திருந்தார். எல்லா ஒயரையும் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றிலும் ஒரு காகிதச் சீட்டை நூலால் கட்டி, எது எங்கே என்று எழுதினார். ஐந்து சிஸ்டத்தையும், மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் நெட்வொர்க் பெட்டியையும் துடைத்து, திரும்ப எல்லாவற்றையும் இருந்த இடத்தில் செருகினார். நானும் நண்பனும் பொரி மூட்டையைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்தோம். மானிட்டர்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, கீபோர்டுகளின் மேல் பூ போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைத்தோம். பூஜை போட்ட பொருளை மறுநாள் வரை தொடக்கூடாது. பெட்டி உட்பட எல்லாமே அணைந்து கிடந்தன.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாள் என்று பாய் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. காலையில் விளக்கேற்றிவிட்டு சார், "இந்த வருஷம் நீங்கதாம்மா புதுசு. உங்க கையாலயே முதல்ல ஆன் பண்ணுங்க" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் சிஸ்டத்தைக் கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார். அப்புறம்தான் நாங்கள் எங்களுடையதைப் போட்டோம்.

ஒரு திரையிலும் டைல்ஸ் வரவில்லை. ஐந்திலும் ஒரே பிழைச் செய்தி. முதலில் சிரித்தோம். பிறகு சர்வரை நிறுத்திக் கிளப்பினோம். சிஸ்டத்தை அணைத்துப் போட்டோம். நண்பன் ஒயர் ஒயராக அழுத்திப் பார்த்தான். பதினொன்றரை ஆனபோது சாரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"முந்தாநாள் வரைக்கும் ஓடிச்சுல்ல? நடுவுல என்ன மாறிச்சு?"

 நான்தான் வாய் திறந்தேன். எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம், அதுவும் நாலு பேர் இருந்தால். "அக்கா, இது சிஸ்டம்கா. மீன் இல்ல, தண்ணி ஊத்திக் கழுவ" என்றேன்.

நண்பன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சாரும் அந்த எரிச்சலிலும் சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். அவர் கையில் அந்தத் துணி இன்னும் இருந்தது. "காஞ்ச துணிதான் தம்பி" என்று அதை என் பக்கம் நீட்டினார், நான் தொட்டுப் பார்ப்பதற்காக. நான் தொடவில்லை. இப்போது அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் அப்போது மனதில் இருந்ததையும் சொல்லிவிட வேண்டும். நல்ல ஜோக் என்றுதான் இருந்தது.

அந்த ஜோக்கோடு தீர்ப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லோரும் அக்காவின் சிஸ்டத்தைத்தான் சந்தேகத்தோடு பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் நண்பன் கத்தினான். "மச்சான், இந்த எர்ரர் எல்லாம் ரெண்டாம் நம்பர்லேர்ந்து வருதுடா. ரெண்டு அக்கா சிஸ்டம்!"

எனக்கு அந்த நொடியிலேயே முழுவதும் புரிந்துவிட்டது. அந்த நம்பர்களைக் கொடுப்பது மூலையில் இருக்கும் பெட்டி. ஒரு நாள் முழுக்க அணைந்து கிடந்ததில் பழைய கணக்கை மறந்துவிட்டு, முதலில் வந்தவருக்கு முதல் நம்பர் என்று புதிதாகக் கொடுத்திருக்கிறது. முதலில் வந்தவர் அக்கா. ஒன்று பெட்டிக்கே உரியது என்பதால் இரண்டு அவருக்குப் போய்விட்டது. நான் எழுதிவைத்த வரிப்படி எல்லாத் திரைகளும் என்னைத் தேடிக்கொண்டு அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தன. அவரிடம் ஒழுங்கான சர்வர் இருந்ததால் அது பதிலும் சொன்னது. என் தாளில் பன்னிரண்டாவது படி இல்லாததால் அந்த சர்வரில் டேட்டா இல்லை. அதனால் அந்தப் பதில் பிழைச் செய்தியாக வந்தது.

சார் அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். "உங்க சிஸ்டத்துல என்னம்மா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"சொவத்துல ஒட்டிகீற தாள்படி சர்வர் போட்டேன் சார்."

"அவன்தான் அஞ்சுலயும் போட்டாச்சுன்னு சொன்னானே. மறுபடி எதுக்குப் போட்டீங்க?" சார் என் பக்கம் திரும்பினார். "அஞ்சுலயும் போட்டேல்ல?"

நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். திட்டு விழுந்திருக்கும், ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார், அவ்வளவுதான். சாருக்கு என்னை விட்டால் ஆளில்லை. என் வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இருந்தும், "போட்டாச்சு சார்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "சார், அந்த ஃபைல்ல ஒரு நம்பரு கீது..." என்று ஆரம்பித்தார்.

"நான் பாக்கறேன்கா. நீங்க கொஞ்சம் தள்ளுங்க" என்று குறுக்கே புகுந்தேன். அவர் எழுந்து ஜன்னல் ஓரமாகப் போய் நின்றார்.

ஃபைலில் ஒரு எண்ணை மாற்ற வேண்டும். மூன்று நிமிட வேலை. அதை நான் முக்கால் மணி நேரம் செய்தேன். தேவையில்லாத ஃபைல்களைத் திறந்தேன், பெருமூச்சு விட்டேன், "ம்ம்" என்றேன், யாரும் என் திரையைப் பார்க்காதபடி நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் ஐந்து திரையிலும் டைல்ஸ் வந்ததும் சார் என் முதுகில் தட்டி, "தப்பிச்சோம்டா உன்னால" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன். அந்த அடக்கம்தான் எனக்கு இன்று ரொம்ப அருவருப்பாக இருக்கிறது.

பாய் வந்தார். தரை மாறுவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை போல ஏழெட்டு முறை கிளிக் செய்தார். "காலைல என்னமோ ரிப்பேர்னு ஃபோன்ல சொன்னீங்களே?" என்று கேட்டார்.

"புதுசா வந்த அம்மா ஒரு தப்புப் பண்ணிட்டாங்க பாய். தம்பி சரி பண்ணிட்டான்" என்றார் சார். அக்கா அப்போது டீ டம்ளர்களோடு பக்கத்திலேயே நின்றிருந்தார். பாய் டம்ளரை வாங்கிக்கொண்டு, "பரவால்லம்மா, வேலைன்னா நடக்கறதுதான்" என்றார். அக்கா தலையை ஆட்டினார்.

சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் அவர் வண்டலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பார்க்காத மாதிரி கடக்கப் போனேன். கூப்பிட்டார்.

"தம்பி, நான் இன்னா தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லு. மறுவாட்டி பண்ணாம கீறேன்."

கோபமாகக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நிதானமாகக் கேட்டார். ரோட்டில் அவ்வளவு சத்தம். நான் சொல்லியிருந்தால் அவரைத் தவிர ஒருவர் காதிலும் விழுந்திருக்காது.

"ஒரே ஆபீஸ்ல ரெண்டு சர்வர் ஓடக்கூடாதுக்கா. ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்கும்" என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. அந்த இடத்தில் நின்றபடியே கட்டிவிட்டது. அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, பஸ் ஸ்டாப் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, நான் சொன்னதை அப்படியே தமிழில் எழுதினார். "இடிச்சுக்கும்" என்பது வரைக்கும் எழுதினார். நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அவர் எழுதி முடிக்கும்வரை நின்றேன். பிறகு பஸ் வந்தது.

தீபாவளிக்கு இன்னும் நாட்கள் இருந்தன. ஒவ்வொரு நாள் காலையிலும் இன்று சாரிடம் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். செம்பாக்கம் ஏரிக்கரையில் வரும்போது வாக்கியம்கூடத் தயாராக இருக்கும். மாடிப்படி ஏறுவதற்குள் அது கரைந்துவிடும். ஒருநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போயும்விட்டேன். "என்னடா?" என்றார். "பிரிண்டர்ல இங்க் இல்ல சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

தீபாவளிக்கு முன் சார் அக்காவைக் கூப்பிட்டு, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம், டெக்னிக்கலா நம்பிக்கை வரணும், என்று சொன்னார். தடுப்பு பிளைவுட் என்பதால் எல்லாம் கேட்டது. அக்கா ஒன்றும் வாதாடவில்லை. "வூட்ல மூணு மாசம் உட மாட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னார். மதியம் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டார். எங்களிடம் விடைபெறும்போது, "வரேன் தம்பி, நல்லா இரு" என்றார். நான் "அடிக்கடி வாங்கக்கா" என்றேன். எங்கே வருவார் என்று நினைத்துச் சொன்னேனோ தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்கு பஸ் ஏறினேன். பார்த்துச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான். ரோட்டோரம் பெண்கள் குடை வைத்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நிமிர்ந்து, "இன்னா வேணும்பா?" என்று கேட்டார். எனக்கு அந்த ஜோக்தான் ஞாபகம் வந்தது. ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

கொஞ்ச நாளில் என் சிஸ்டத்தின் மின்விசிறி கர்ரென்று கத்த ஆரம்பித்தது. அக்காவுடைய சிஸ்டத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னார் சார். ஒயர்களில் அவர் கட்டிய காகிதச் சீட்டுகள் அப்படியே இருந்தன. சிஸ்டத்தைப் போட்டதும் சர்வர் தானாகக் கிளம்பி நின்றது. என் தாளில் சொல்லாததைக்கூட அவரே செய்திருந்தார். அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஃபைலைத் திறந்தேன். அது அவர் தன் சிஸ்டத்தில் தனியாக வைத்திருந்த பிரதி. இரண்டு என்று நான் எழுதியிருந்த வரியை அவர் திருத்தியிருந்தார். 'இந்த சிஸ்டத்திலேயே இருக்கும் சர்வரிடம் கேள்.' எழுதவேண்டிய விதத்தில், சரியாக. என் பழைய வரியை அழிக்காமல் கீழே விட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்.

"இது தம்பி சிஸ்டம் நம்பர். எதுக்கு இங்க போட்டுகீது? தம்பிகிட்ட கேக்கணும்."

ஃபைலைக் கடைசியாக மாற்றிய தேதியைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்.

ஆக, விஜயதசமி அன்று காலையில் அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது. சாரிடம் சொல்ல வாயெடுத்தார், நான் தள்ளச் சொன்னேன். பஸ் ஸ்டாப்பில் என்ன தப்பு பண்ணேன் என்று கேட்டபோதும் தெரிந்திருந்தது. நான் அளந்ததை நோட்டில் எழுதிக்கொண்டபோதும் தெரிந்திருந்தது. எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்.

"இன்னா மச்சான், பேயறைஞ்ச மாதிரி உக்காந்துகினு கீற? அதுலயும் புதுசா சர்வர் போடணுமா?" என்று நண்பன் கேட்டான்.

"இல்லடா. போட்டாச்சு" என்றேன்.

அவன் தன் திரைக்குத் திரும்பினான். நான் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு ஃபைலைச் சேமித்தேன்.